மஞ்சள் கடுதாசி வந்தால் கடைக்காரர் கதி என்ன?

முதலாளி திவால்! உள்ளே கடை வைத்திருப்பவர் வெளியேற வேண்டுமா?

"மஞ்சள் கடுதாசி வந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால், கேட்டவர் மேற்கொண்டு விளக்கம் கேட்பதில்லை. கடன் வாங்கியவர் கையை விரித்துவிட்டார். கொடுத்த பணம் இனி வந்தால் வந்தது, போனால் போனது. "ஐ.பி. கொடுத்துவிட்டான்" என்றும் சொல்வார்கள். இன்சால்வென்சி பெட்டிஷன், அதாவது திவால் மனு என்பதன் சுருக்கம்தான் ஐ.பி.

மஞ்சள் கடுதாசியைக் கண்டு கடன் கொடுத்தவர் கலங்குவார். கடன் வாங்கியவர் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வார். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவர் கடன் கொடுத்தவரும் அல்ல, வாங்கியவரும் அல்ல. திவாலானவருடைய கட்டடத்தில், ஒரு மூலையில், கடை வைத்திருப்பவர்!

அவர் மாதா மாதம் பணம் கட்டியிருப்பார். அட்வான்சு கொடுத்திருப்பார். ஒரு பாக்கியும் இராது. ஒருநாள் காலையில் கடையைத் திறக்கப் போனால் வாசலில் புது ஆள் நிற்பார். "இந்த இடம் இப்போது எங்கள் பொறுப்பு. நீங்கள் காலி செய்ய வேண்டும்" என்பார்.

காலி செய்ய வேண்டுமா? யார் சொன்னால் செய்ய வேண்டும்? எத்தனை நாளில்? அட்வான்சு என்ன ஆகும்?

கடற்கரையில் ஒரு ஓட்டல்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே போனால் சுமார் 30 கிலோ மீட்டரில் மாமல்லபுரம் வந்துவிடும். பழைய ஆட்கள் மகாபலிபுரம் என்பார்கள். ஊருக்குள் நுழையும்போதே உளிச் சத்தம் கேட்கும். பல்லவர் காலத்தோடு நின்றுவிடாத சத்தம் அது. இந்த ஊர்க் கல் சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, மாமல்லபுரம் கல் சிற்பம் என்ற பெயரை வேறு ஊர்ச் சரக்குக்கு வைத்து விற்க முடியாது.

சென்னையிலிருந்து வரும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டியதும் ஓட்டல்கள் தொடங்கிவிடும். பெரிய ஓட்டல் என்றால் அறையும் சாப்பாடும் மட்டும் இல்லை. முன்கூடத்தில் சிலை விற்பார்கள். ஒரு பக்கம் துணிக்கடை இருக்கும். இன்னொரு பக்கம் சலூன் இருக்கும். இவற்றை எல்லாம் ஓட்டல்காரரே நடத்துவது குறைவு. வெளியாட்களுக்கு இடம் கொடுத்து மாதப் பணம் வாங்கிக்கொள்வதுதான் வழக்கம்.

அப்படி ஒரு ஓட்டலை மனதில் கற்பனை செய்துகொள்வோம். அதை ஒரு கம்பெனி நடத்துகிறது. உள்ளே மூன்று கடைகள். முன்கூடத்தில் ஒரு சிற்பி கண்ணாடி அலமாரி வைத்து மாக்கல் சிலைகள் விற்கிறார். சாலையைப் பார்த்த பக்கம், தனி ஷட்டர் போட்ட அறையில் ஒருவர் துணிக்கடை நடத்துகிறார். பின்னால் நீச்சல் குளத்தை ஒட்டி ஒரு சிற்றுண்டிக் கடை. அதை நடத்துபவர் ஓட்டல் டைரக்டரின் மைத்துனர்!

ஓட்டல் திவாலாகிறது. மூன்று பேருக்கும் நோட்டீசு வருகிறது. மூவருக்கும் ஒரே விதி என்று நினைத்தால் தப்பு.

எந்தக் கோர்ட்டு?

முதலில் பார்க்க வேண்டியது, திவாலானது மனிதரா, கம்பெனியா என்பது.

ஓட்டல் ஒரு தனி மனிதருடையது என்றால் 1920-ஆம் வருடத்து மாகாணத் திவால் சட்டம் பேசும். சென்னை நகருக்கு 1909-ஆம் வருடத்துச் சட்டம் தனியாக உண்டு. மற்ற ஜில்லாக்களுக்கு எல்லாம் 1920-ஆம் வருடத்துச் சட்டம்தான். செங்கற்பட்டுக்காரர் செங்கற்பட்டில்தான் மனு போட வேண்டும். அந்தச் சட்டத்தை எழுதிய நாளில் 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்று வைத்தார்கள். அப்போது 500 ரூபாய் ஒரு குடும்பத்தைக் கவிழ்க்கும் தொகை!

மனுவைக் கோர்ட்டு ஏற்று, "இவர் திவாலானவர்" என்று தீர்மானித்துவிட்டால் அவருடைய சொத்து கோர்ட்டின் கைக்கோ ரிசீவர் கைக்கோ போய்விடும். பிறகு அதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கு போடுவது ரிசீவர் வேலை.

கம்பெனி என்றால் வழி வேறு. 2016-ல் பாராளுமன்றம் புதிய திவால் சட்டம் செய்தது. அதன்படி கம்பெனித் திவால் எல்லாம் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரிய அமர்வு சென்னை ராஜாஜி சாலையில் இருக்கிறது.

ராஜாஜி சாலை என்றதும் பழைய சென்னைக்காரர்களுக்கு ஒரு ஞாபகம் வரலாம். அதற்கு முன்பு கடற்கரை முதல் வரிசை என்று பெயர். அர்பத்நாட் கம்பெனி அங்கேதான் இருந்தது. 1906-ஆம் வருடம் அக்டோபர் 22-ந் தேதி அந்தக் கம்பெனி கதவைச் சாத்தியது. பென்ஷன் வாங்கியவர்கள், விதவைகள், கோயில் பணத்தைப் போட்டவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். முதலாளி சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. அடுத்த வருடமே வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் சேர்ந்து இந்தியன் பாங்கியைத் தொடங்கினார்கள். திவால் வழக்குகள் இன்றும் அதே சாலைக்கு வந்துகொண்டிருக்கின்றன.

இந்தக் கடலோரப் பக்கமே திவால் வழக்குக்குப் புதிது அல்ல. மாமல்லபுரத்துக்கு அருகே ஆலத்தூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஆர்க்கிட் மருந்துக் கம்பெனி 2017-ல் தீர்ப்பாயத்தின் முன் வந்தது. 2019-ல் தனுகா லாபரட்டரீஸ் அதை எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. அப்பீல், மறு அப்பீல் என்று போய் 2020-ல் சுப்ரீம் கோர்ட்டில்தான் முடிந்தது. கம்பெனி மூடப்படவில்லை, கை மாறியது. திவால் என்றால் பூட்டு என்று அர்த்தம் இல்லை என்பதற்கு இது நம் பக்கத்திலேயே உள்ள உதாரணம்.

"அப்படியே நில்!"

கம்பெனித் திவால் மனுவைத் தீர்ப்பாயம் ஏற்றவுடன் ஒரு உத்தரவு பிறக்கும். மொரட்டோரியம் என்பார்கள். "எல்லாரும் அப்படியே நில்லுங்கள்" என்று பொருள். கம்பெனி மேல் புதிய வழக்குப் போடக் கூடாது. போட்ட வழக்கு நகரக் கூடாது. பாங்கி தன் அடமானச் சொத்தை ஜப்தி செய்யக் கூடாது.

அன்றோடு டைரக்டர்களின் அதிகாரம் நின்றுவிடும். தீர்ப்பாயம் நியமிக்கும் தீர்வு நிபுணர் நிர்வாகத்தை எடுத்துக்கொள்வார். கம்பெனியின் சொத்து எங்கெங்கே, யார் யார் கையில் இருக்கிறது என்று தேடிக் கைப்பற்றுவது அவர் கடமை.

இங்கே சிற்பியின் வீட்டில் நடக்கக் கூடிய பேச்சைக் கேட்போம்.

"ஏங்க, நாமதான் பாக்கி இல்லாம கட்டிட்டு வர்றோமே. கோர்ட்டுல ஒரு தடை வாங்கிட்டா என்ன?"

"அதாம்மா முடியாதாம். கம்பெனி மேல யாரும் கேஸ் போடக் கூடாதாம். வக்கீல் ஐயா சொல்லிட்டாரு."

"அவங்க மட்டும் நம்மளைப் போகச் சொல்லலாமா?"

அம்மாவின் கேள்வி நியாயமானது. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. "நில்" என்ற உத்தரவு கம்பெனியைக் காப்பாற்றுவதற்காகப் பிறந்தது. கம்பெனிக்குள் கடை வைத்திருப்பவரைக் காப்பாற்றுவதற்காக அல்ல. அவர் செங்கற்பட்டு சிவில் கோர்ட்டுக்குப் போனால், "இது தீர்ப்பாயத்தின் விஷயம்" என்று திருப்பிவிடுவார்கள். ஆனால் அவருக்குக் கதவே இல்லை என்று சொல்ல முடியாது. திவாலை ஒட்டி எழும் கேள்விகளைத் தீர்ப்பாயமே விசாரிக்கலாம். ஆகவே நிபுணர் மனுப் போட்டால் அங்கேயே போய்ப் பதில் சொல்லலாம். தானாகவும் மனுப் போடலாம். தீர்ப்பில் குறை இருந்தால் 30 நாளுக்குள் அப்பீல் செய்ய வேண்டும். அப்பீல் தீர்ப்பாயத்துக்கும் 2021 முதல் சென்னையில் ஓர் அமர்வு உண்டு. டில்லிக்கு ரெயில் ஏற வேண்டியதில்லை.

சாவி யாரிடம்?

இனி விஷயத்தின் உயிருக்கு வருவோம். கடைக்காரர் கையில் இருப்பது வாடகைப் பத்திரமா? லைசென்சுப் பத்திரமா? பத்திரத்தில் ஒரே ஒரு சொல் வித்தியாசம். பலனோ மலைக்கும் மடுவுக்கும்!

வாடகை அல்லது குத்தகை என்றால், இடத்திலேயே ஒரு உரிமை கைமாறுகிறது. சொந்தக்காரர் இடத்தை விற்றாலும் குத்தகை கூடவே போகும். வாங்கியவர் பழைய சொந்தக்காரரின் காலணியில் காலை வைக்கிறார். குத்தகைக் காலம் முடியும்வரை பொறுக்க வேண்டியதுதான்.

லைசென்சு என்றால் வெறும் அனுமதி. "வந்து உட்கார்ந்து வியாபாரம் செய்துகொள்" என்று சொன்னது மட்டும்தான். இடத்தில் எந்த உரிமையும் கிடைக்காது. திண்ணையில் உட்காரச் சொன்னால் வீடு நமதாகுமா? அதுபோலத்தான்! லைசென்சு பற்றிய விதிகள் 1882-ஆம் வருடத்து ஈஸ்மெண்டு சட்டத்தில் இருக்கின்றன. அந்தச் சட்டம் முதன்முதலில் அமலுக்கு வந்த இடங்களில் நம் சென்னை மாகாணமும் ஒன்று. இடத்தை வாங்கிய புதியவரை லைசென்சு கட்டுப்படுத்தாது என்று அது சொல்கிறது.

இதனால்தான் ஓட்டல்காரர்கள் பத்திரத்தில் "லைசென்சு" என்றே எழுதுவார்கள். வாடகை என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொள்வார்கள். "லைசென்சுக் கட்டணம்" என்பார்கள். ஆனால் எழுதிவிட்டால் போதுமா?

போதாது என்றது சுப்ரீம் கோர்ட்டு. அந்த வழக்கு ஒரு சலூனைப் பற்றியது.

டில்லியில் இம்பீரியல் ஓட்டல் என்ற பெரிய ஓட்டல். அங்கே இரண்டு அறைகளை எடுத்து ஒருவர் சிகை அலங்காரக் கடை நடத்தினார். 1949-ஆம் வருடம் மே முதல் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம். வருடத்துக்கு 9,600 ரூபாய் என்று பேச்சு. பிறகு 8,400 ஆகக் குறைத்தார்கள். பத்திரம் முழுக்க லைசென்சு, லைசென்சு என்றே இருந்தது. அவர் 1950-ல், "நான் வாடகைதாரர். நியாய வாடகை நிர்ணயம் செய்யுங்கள்" என்று வாடகை அதிகாரியிடம் போனார். ஓட்டல்காரர்களோ, "நீர் வாடகைதாரரே அல்ல. பத்திரத்தைப் படித்துப் பாரும்" என்றார்கள்.

வழக்கு ஒன்பது வருடம் நடந்தது. 1959 மே 19-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. நீதிபதி கே. சுப்பாராவ் தீர்ப்பு எழுதினார். சென்னை ஐகோர்ட்டில் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்தவர் அவர். பிற்காலத்தில் இந்தியாவின் தலைமை நீதிபதி ஆனார். பத்திரத்தின் தலைப்பைப் பார்க்காதே, சாரத்தைப் பார் என்றார். இடத்தை ஒருவர் கையில் முழுக்க முழுக்க விட்டிருந்தால், முதல் பார்வைக்கு அது குத்தகையே என்றார். சலூன்காரர் வாடகைதாரர்தான் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு ஆயிற்று.

அன்று முதல் இன்றுவரை கோர்ட்டுகளில் இந்த அளவுகோல்தான். எளிமையாகச் சொன்னால்: சாவி யாரிடம்? கடைக்காரரே பூட்டுகிறாரா? ஓட்டல்காரர் அவர் அனுமதி இல்லாமல் உள்ளே வரலாமா? "நாளை முதல் நீ அந்த மூலைக்குப் போ" என்று இடத்தை மாற்ற முடியுமா?

நம் மூன்று கடைகளுக்கு வருவோம். சிற்பியின் அலமாரி முன்கூடத்தில் இருக்கிறது. இரவில் கூடத்தைப் பூட்டுவது ஓட்டல் காவலாளி. கல்யாணம் நடந்தால் அலமாரியை ஓரமாக நகர்த்துவார்கள். இது லைசென்சுதான். துணிக்கடைக்காரருக்குத் தனி ஷட்டர், தனிச் சாவி. பத்திரம் ஐந்து வருடத்துக்குப் பதிவாகியிருந்தால் அவர் பாடு தேவலை. தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும், "நான் குத்தகைதாரர்" என்று வாதாட அவருக்கு இடம் உண்டு. நிபுணர் மனுப் போட்டாலும், காலம் பாக்கி இருக்கும் பதிவுக் குத்தகையை எளிதில் தள்ளிவிட முடியாது.

பதிவு என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே தீர வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்துதான் ஊரெல்லாம் 11 மாதப் பத்திரம்! தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22-ந் தேதி அமலுக்கு வந்த புதிய வாடகைச் சட்டமோ, வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்கிறது. முத்திரைத்தாளில் சில நூறு மிச்சம் பிடித்தவர்கள், திவால் நாளில் காட்டுவதற்குக் காகிதம் இல்லாமல் நிற்கிறார்கள்.

மைத்துனர் கடை

சிற்றுண்டிக் கடைக்காரர் சங்கதி தனி. ஓட்டல் திவாலாவதற்கு ஆறு மாதம் முன்புதான் அவருக்குப் பத்து வருட ஒப்பந்தம் எழுதினார்கள். அத்தனை பெரிய இடத்துக்கு மாதம் சொற்பப் பணம்! டைரக்டர் மைத்துனர் ஆயிற்றே!

இத்தகைய வேலையைச் சட்டம் எதிர்பார்த்தே இருக்கிறது. கம்பெனி முழுகப் போவது தெரிந்து, வேண்டியவர்களுக்குக் குறைந்த விலையில் சொத்தை ஒதுக்கினால், நிபுணர் அதைத் தோண்டி எடுக்கலாம். உறவினர் போன்ற நெருங்கியவர்கள் என்றால் திவாலுக்கு முந்திய இரண்டு வருடத்துக் காரியங்களைப் பார்ப்பார்கள். வெளியாட்கள் என்றால் ஒரு வருடம். தீர்ப்பாயம் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். 1920-ஆம் வருடத்துச் சட்டத்திலும் இதற்கு வழி உண்டு. நம் முன்னோர்களுக்கும் மைத்துனர்கள் இருந்தார்கள் அல்லவா?

ரிசீவர் பூட்டலாமா?

செங்கற்பட்டுத் தனி மனிதர் வழக்குக்குத் திரும்புவோம். 1920-ஆம் வருடத்துச் சட்டத்தின் 56-வது பிரிவு ரிசீவரைப் பற்றியது. திவாலானவரின் சொத்தில் இருக்கும் ஆளைக் கோர்ட்டு அகற்றலாம் என்று அது சொல்கிறது. உடனே ஒரு கடிவாளமும் போடுகிறது. திவாலானவருக்கே இன்றைய தேதியில் யாரை அகற்ற உரிமை இல்லையோ, அவரைக் கோர்ட்டும் இந்தப் பிரிவின் கீழ் அகற்ற முடியாது!

எவ்வளவு நியாயமான வாசகம்! முதலாளி மூன்று வருடக் குத்தகை கொடுத்திருக்கிறார். ஒரு வருடம்தான் ஆகிறது. முதலாளியால் இன்று காலி செய்யச் சொல்ல முடியுமா? முடியாது. அப்படியானால் அவர் இடத்தில் வந்து உட்கார்ந்த ரிசீவராலும் முடியாது. முதலாளி திவாலானதால் கடைக்காரரின் உரிமை குறையவில்லை. கூடவும் இல்லை. லைசென்சுக்காரர் என்றால், முதலாளியே நோட்டீசு கொடுத்து அனுப்பியிருக்கலாம். எனவே ரிசீவரும் அனுப்பலாம்.

2016-ஆம் வருடத்துச் சட்டத்தில் இந்த வாசகம் இல்லை. ஆனால் பிறர் பொருளுக்கு ஒரு வேலி இருக்கிறது. மூன்றாம் மனிதருக்குச் சொந்தமாகி, ஒப்பந்தத்தின் பேரில் கம்பெனி வசம் இருக்கும் பொருள் கம்பெனிச் சொத்தில் சேராது. சிற்பி விற்றுத் தரும்படி ஓட்டல்காரரிடம் ஒப்படைத்த சிலைகள் சிற்பியுடையவைதான். அலமாரியும் அவருடையது. அதைப் பட்டியலில் சேர்த்து ஏலம் போட முடியாது. ஆனால், "இது என்னுடையது" என்று காட்ட ரசீதோ ஒப்பந்தமோ வேண்டும். கல்லில் பெயரா வெட்டியிருக்கிறது?

கடைக்காரர் இசையாவிட்டால், தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு உத்தரவு வாங்குவதுதான் நிபுணருக்குச் சரியான வழி. வேண்டுமானால் போலீசு உதவியும் கேட்கலாம். நடு இரவில் சாமானைத் தெருவில் எறிவதற்கு யாருக்கும் சட்டம் சீட்டுக் கொடுக்கவில்லை.

எல்லா நிபுணரும் வந்தவுடன் காலி செய்யச் சொல்வார்கள் என்றும் இல்லை. ஓட்டலை ஓடவிட்டு நல்ல விலைக்குக் கொடுப்பதுதான் அவர் வேலை. 2019-ல் திருத்திய சட்டப்படி எல்லாம் 330 நாளில் முடிய வேண்டும். அதுவரை கடைகளிலிருந்து வரும் பணம் அவருக்கும் வேண்டியதுதான். வாங்க வருபவர், "எனக்குக் காலி இடமாக வேண்டும்" என்று கேட்கும்போதுதான் நோட்டீசு பறக்கிறது.

ஹௌராவில் 10,000 சதுர அடி

இந்த விஷயத்தில் அண்மைக் காலத்துப் பெரிய தீர்ப்பு வங்காளத்திலிருந்து வந்தது. கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் ஹௌரா. அங்கே சுமார் 10 ஏக்கர் நிலம். பத்திரம் ஒரு கம்பெனியின் பெயரில். அதில் கட்டடம் எழுப்பும் உரிமை அவனி டவர்ஸ் என்ற வேறொரு கம்பெனிக்கு. நிலத்தின் ஒரு பகுதியில் விக்டரி அயர்ன் ஒர்க்ஸ் என்ற மூன்றாவது கம்பெனி லைசென்சின் பேரில் உட்கார்ந்திருந்தது. லைசென்சு 10,000 சதுர அடிக்கு.

அவனி டவர்ஸ் திவாலாயிற்று. நிபுணர் நிலத்தைக் கைப்பற்ற வந்தார். "நிலமே அந்தக் கம்பெனியுடையது அல்லவே! இது திவால் தீர்ப்பாயத்தின் வேலையா?" என்று மற்ற இருவரும் கிளம்பினார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2023 மார்ச் 14-ந் தேதி தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன், இவரும் சென்னை ஐகோர்ட்டில் நீதிபதியாக இருந்தவர்.

கட்டடம் எழுப்பும் உரிமையும் ஒரு சொத்துத்தான், அதை நிபுணர் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம் என்றது கோர்ட்டு. லைசென்சுக்காரர் கதி? பத்திரத்தில் கண்ட 10,000 சதுர அடிக்கு மட்டும் பாதுகாப்பு. மிச்ச நிலத்தில் நிபுணருக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. ஆக, லைசென்சு என்றாலே தூக்கி எறி என்று கோர்ட்டு சொல்லவில்லை. காகிதத்தில் உள்ள அளவுக்கு மதிப்புக் கொடுத்தது. ஒரு அடி கூடுதலாகக் கொடுக்கவில்லை.

கடைக்கு வெளியே இரண்டு நாற்காலி, நான்கு பெஞ்சு என்று இடத்தை நீட்டிக்கொள்ளும் பழக்கம் நம் ஊரிலும் உண்டு.

திவாலானவரே குடியிருந்தால்?

இதுவரை பார்த்தது ஒரு பக்கம். கதை திரும்பி நின்றால்? இடம் வேறொருவருடையது, அதில் லைசென்சின் பேரில் இருக்கும் கம்பெனி திவாலாகிறது. இடத்துக்காரர் காலி செய்யச் சொல்லலாமா?

பம்பாய் கோரேகாவ் சித்தார்த் நகர் வழக்கு இதற்குப் பதில் சொல்கிறது. 47 ஏக்கர் நிலம். மகாராஷ்டிர வீட்டு வசதி வாரியத்துடையது. 672 வாடகைக் குடும்பங்கள் அங்கே இருந்தன. பழைய வீடுகளை இடித்துப் புது வீடு கட்டித் தருவதாக 2008-ல் குரு ஆஷிஷ் என்ற கட்டுமானக் கம்பெனி ஒப்பந்தம் போட்டது. நிலத்துக்குள் வந்து கட்ட அதற்கு லைசென்சு. குடும்பங்கள் வெளியேறின. வீடு வரவில்லை. 2017-ல் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போயிற்று. 2018 ஜனவரியில் வாரியம் ஒப்பந்தத்தை முறித்து நிலத்தைத் திரும்பக் கேட்டது.

நிலம் வாரியத்துடையது. காத்திருப்பது 672 குடும்பம். ஆனாலும் 2020 பிப்ரவரி 19-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு வாரியத்துக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. லைசென்சின் பேரில் நிலத்தில் இறங்கி வேலை செய்தவர் அதில் "இருப்பவர்"தான். "அப்படியே நில்" உத்தரவு இருக்கும்வரை அவரிடமிருந்து இடத்தைப் பறிக்கக் கூடாது. சட்ட வாசகப்படி தீர்ப்பு சரியே. வாடகை வீட்டில் பிள்ளை குட்டியோடு காத்திருந்த அந்தக் குடும்பங்களிடம் இதை விளக்குவது யாராலும் ஆகிற காரியம் அல்ல.

மாமல்லபுரக் கரையில் பிறர் நிலத்தை வாங்கி ஓட்டல் நடத்துபவர் திவாலானால், நிலத்துக்காரருக்கும் இதே கதிதான். திவால் ஒரு காலத்துக்கு அவர் கையைக் கட்டிவிடும். அரசு கொடுத்த லைசென்சுகளும் திவால் என்ற காரணத்துக்காக மட்டும் ரத்தாகா. நடப்புப் பாக்கியைக் கட்டிவர வேண்டும்.

அட்வான்சு எங்கே?

இனிப் பணம். சிற்பி இரண்டு லட்சம் அட்வான்சு கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதி மனைவியின் நகை. வட்டிக் கடையில் இருக்கிறது.

திவால் தொடங்கியதும் பத்திரிகையில் விளம்பரம் வரும். கம்பெனியிடம் பணம் வர வேண்டியவர்கள் இன்ன தேதிக்குள் மனுக் கொடுங்கள் என்று தேதி போட்டிருக்கும். "நாம் கடன் கொடுக்கவில்லையே, கடைதானே வைத்திருக்கிறோம்" என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அட்வான்சும் கம்பெனி திருப்பித் தர வேண்டிய பணம்தான்! மனுவும் ரசீதும் கொடுத்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும்.

ஏறினாலும் வரிசை நீளம். கம்பெனி கலைக்கப்பட்டால் முதலில் திவால் நடவடிக்கைச் செலவு. அடுத்து அடமானம் வாங்கிய பாங்கியும், தொழிலாளரின் 24 மாதச் சம்பளப் பாக்கியும் சம பந்தியில். பிறகு மற்றச் சிப்பந்திகளின் 12 மாதப் பாக்கி. பிறகு அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்கள். பிறகு சர்க்கார் வரி. இத்தனைக்கும் பிறகுதான் "மற்றக் கடன்கள்" என்ற இடத்தில் சிற்பியின் இரண்டு லட்சம் வரும். அதற்குள் பந்தி முடிந்திருக்கும். தன் தப்பு ஒன்றும் இல்லாமல், காலத்துக்கு முன்பே வெளியேற்றப்பட்ட லைசென்சுக்காரர் நஷ்டஈடு கேட்கலாம் என்று 1882-ஆம் வருடத்துச் சட்டம் சொல்வது உண்மை. ஆனால் அதுவும் இதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. பழைய மானேஜர் வந்து, "இந்த மாதப் பணத்தை என்னிடமே கொடு" என்பார். பழக்கமானவர், பல வருடமாக அவரிடம்தான் கொடுத்தது. கொடுத்தால் போயிற்று! நிபுணர் வந்தபின் பழைய நிர்வாகத்துக்குப் பணம் வாங்க அதிகாரம் இல்லை. கட்டணம் நிபுணர் சொல்லும் கணக்கில்தான் போக வேண்டும். அவர் ரசீது வேண்டும். இல்லாவிட்டால், "மூன்று மாதமாகப் பணம் கட்டவில்லை" என்று அதையே காரணம் காட்டி வெளியேற்றுவார்கள்.

நந்தியை நகர்த்த எத்தனை நாள்?

சிற்பிக்குச் சட்டம் கொடுக்கும் சலுகைகள் இரண்டு. லைசென்சை நம்பி அவர் அந்த இடத்தில் செலவு செய்து நிரந்தரமான கட்டடம் எழுப்பியிருந்தால், லைசென்சை நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. செங்கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டியிருக்க வேண்டும். கண்ணாடி அலமாரியும் வர்ண விளக்கும் அந்தக் கணக்கில் வரா.

இரண்டாவது, லைசென்சு ரத்தானாலும் உடனே வெளியே தள்ளக் கூடாது. இடத்தை விட்டுப் போகவும், வைத்த சாமானை எடுத்துக்கொள்ளவும் நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும். இது அந்த 1882-ஆம் வருடத்துச் சட்டத்தின் 63-வது பிரிவு.

நியாயமான அவகாசம் என்றால் எத்தனை நாள்? சட்டத்தில் எண் இல்லை. இடத்தையும் சாமானையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பழக்கடைக்காரர் அரை நாளில் கூடையைத் தூக்கிவிடுவார். ஓட்டல் வாசலில் நிற்கிற கருங்கல் நந்திக்கு கிரேன் வேண்டும், லாரி வேண்டும், இறக்கி வைக்க இன்னொரு இடம் வேண்டும். வக்கீல் ஐயா அதைத்தான் மனுவில் எழுதச் சொல்வார்: நந்தியின் எடை இவ்வளவு, அலமாரி இத்தனை, சிலை இத்தனை, புது இடம் பார்க்க இத்தனை நாள். புகைப்படமும் சேர்க்கச் சொல்வார்.

"ஏங்க, டிசம்பர், ஜனவரி போனா சீசன் முடிஞ்சிடும். அதுவரைக்கும் கேட்டுப் பாருங்களேன்."

அதையும் ஒரு வரி எழுதிச் சேர்க்கலாம். கொடுப்பதும் கொடுக்காததும் தீர்ப்பாயத்தின் இஷ்டம்.